திரை வெளிச்சம் நாற்பது சதவீதம்

ஒரு மணி நேரம் நாற்பத்திரண்டு நிமிடம். சுவரிலிருந்து ஒயரைக் கழற்றிய பிறகு அப்பாவின் லேப்டாப் அவ்வளவு நேரம்தான் தாக்குப்பிடித்தது. அது வந்த அட்டைப்பெட்டியில் பதினோரு மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். பெட்டியில் போடுவதில் பாதியைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடலாம் என்பது மகளுக்குத் தெரியும். அவள் பிழைப்பே அதுதான். பேட்டரி கம்பெனியின் சோதனைக்கூடத்தில் நாள் முழுக்க பேட்டரிகளை ஏற்றி இறக்கி, எது எத்தனை மணிக்கு உயிரை விடுகிறது என்று எழுதிவைப்பாள். ஆனால் பாதியைத் தள்ளினாலும் ஐந்தரை வர வேண்டும். ஒன்று நாற்பத்திரண்டு என்பது அவளுக்கு மானப் பிரச்சினையாகவே ஆகிவிட்டது. இரண்டு வருடம் முன்பு லேப்டாப்பைப் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

ஒன்பது நாள் விடுப்பில் ஞாயிற்றுக்கிழமை காலை வந்து இறங்கியிருந்தாள். வந்ததற்குக் காரணம் லேப்டாப் இல்லை, அம்மாவின் வலது மணிக்கட்டு. தரையில் கிடந்த நீட்டு ஒயரில் தடுக்கி விழுந்து, எலும்பு விரிசல் விட்டு, மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். அந்த ஒயர் எதற்கு என்றால் அப்பாவின் லேப்டாப்புக்கு. மின்சாரப் பிளக் இருப்பது அலமாரிக்குப் பக்கத்தில், அறையின் இருட்டு மூலையில். அப்பாவுக்கு ஜன்னலோரம்தான் உட்கார வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒயர் பதினைந்து அடிக்கு நீண்டு கிடந்திருக்கிறது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்த அன்றே அம்மா அதைச் சுருட்டிப் பரணில் எறிந்துவிட்டாள்.

“அந்தப் பாம்பு மறுபடி கீழ இறங்கினா நான் வீட்டை விட்டு இறங்கிடுவேன்” என்று சொல்லிவிட்டாள்.

ஆக, அப்பா பேட்டரியை நம்பித்தான் வேலை செய்தாக வேண்டும். அப்பா புரூஃப் ரீடர். ஒரு பாடப்புத்தகப் பதிப்பகத்துக்கு முப்பத்தொரு வருடமாகப் பிழை பார்க்கிறார். முதலில் தாள் கட்டுகளாக வந்துகொண்டிருந்தது. பிறகு பதிப்பகம் எல்லாவற்றையும் திரைக்கு மாற்றிவிட்டது. இப்போது கையில் இருப்பது எட்டாம் வகுப்பு அறிவியல், நூற்றெழுபத்தாறு பக்கம், சனிக்கிழமை போய்ச் சேர வேண்டும். போன இரண்டு புத்தகங்களில் பிழைகள் தப்பிவிட்டன என்று மேலாளர் வருத்தப்பட்டிருந்தார். இது சுத்தமாக வந்தால் அடுத்த வருடத்து வேலை அத்தனையும் அப்பாவுக்கு. வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். அப்பா இதைச் சொல்லவில்லை. அம்மாதான் காய் நறுக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே மகளின் காதில் போட்டாள்.

“ஒண்ணேமுக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டுப் போட்டு எடுத்தா எப்படிம்மா வேலை நடக்கும்?” என்றாள் மகள். “நான் பார்த்துக்கறேன், விடு.”

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, “கத்தியைப் பார்த்துப் பிடி” என்றாள்.

லேப்டாப் கம்பெனிக்காரர்களே உள்ளே வைத்து அனுப்பும் ஒரு மென்பொருள் உண்டு. மூலையில் சின்ன வட்டமாகக் கிடக்கும், யாரும் தொட மாட்டார்கள். மகள் அதைத் திறந்தாள். நான்கு நிலைகள் இருந்தன: முழுவேகம், சமநிலை, அமைதி, அதிசேமிப்பு. லேப்டாப் முழுவேகத்தில் நின்றுகொண்டிருந்தது. வரிகளைப் படிக்கும் மனிதருக்கு, சினிமாப் படம் தயாரிக்கிறவனுக்கு வேண்டிய வேகம். அதற்குக் கீழே, பேட்டரி அறுபது சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு. அதற்கும் கீழே, திரை வெளிச்சம் நூற்றுக்கு நூறு.

“அப்பா, இதை யாரு நூறுல வெச்சது?”

“வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு.”

“இல்லையே, நான் அறுபதுல வெச்சுட்டுத்தானே போனேன். கூசலையா?”

“ஜன்னலோரம்ல உட்கார்றேன். வெயிலுக்கு முன்னாடி அது எடுபட வேண்டாமா?”

நல்ல பதில். வெளியே வெளிச்சம் கூடினால் திரையிலும் கூட வேண்டும் என்பது அறிவியல் படித்த யாரும் ஒத்துக்கொள்ளும் விஷயம். மகள் ஒத்துக்கொண்டாள். பிறகு பேட்டரிக்கு இருந்த அந்த அறுபது சதவீதக் கட்டுப்பாட்டை விளக்கினாள்.

“எப்பவும் முழுசா ஏத்தியே வெச்சிருந்தா பேட்டரி சீக்கிரம் கிழடு தட்டிடும்பா. அரைவயிறா வெச்சா ரெண்டு வருஷம் கூட ஓடும்.”

“அரைவயிறா ரெண்டு வருஷம் கூட ஓடி அது என்னத்தைச் சாதிக்கப் போகுது?”

“ஏன்டி, உங்கப்பா கை சர்க்கரை டப்பாகிட்ட போறப்ப இப்படி ஒரு கட்டுப்பாடு போட முடியுமான்னு அதுலயே பாரேன்” என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

“வந்துட்டாங்கப்பா, டாக்டருக்கு டாக்டர்” என்றார் அப்பா. மகளை அவர் பேட்டரி டாக்டர் என்றுதான் கூப்பிடுவது.

அந்த டாக்டர் ஒரு நோட்டில் கட்டம் போட்டாள். நிலை, வெளிச்சம், தொடங்கிய நேரம், இறந்த நேரம். திங்கட்கிழமை அறுபது சதவீதக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, சமநிலையில் ஓடவிட்டாள். மூன்று மணி ஐந்து நிமிடம். எந்தப் பகுதி எவ்வளவு தின்கிறது என்று அந்த மென்பொருளே வட்டம் போட்டுக் காட்டியது. வட்டத்தில் பாதிக்கு மேல் திரை. ஆக, குற்றவாளி வெளிச்சம்தான்.

செவ்வாய்க்கிழமை காலை அதிசேமிப்பைப் போட்டாள். அதில் வெளிச்சம் நாற்பதைத் தாண்டாது, விசையை எத்தனை தடவை அழுத்தினாலும் சரி. கூடவே இன்னொரு வசதியும் இருந்தது. திரைக்கு மேலே உள்ள கேமரா எதிரே இருப்பவரின் முகத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கும். முகம் திரையை விட்டுத் திரும்பினால் பத்து விநாடி பொறுத்து, திரையை அணைத்துவிடும். திரும்பி வந்தால் ஏற்றிவிடும். பார்க்காத நேரத்தில் எரிவானேன் என்ற கணக்கு. மகளுக்கு அந்த யோசனை மிகவும் பிடித்திருந்தது. இதைக் கண்டுபிடித்தவனுக்கு ஒரு கும்பிடு போடலாம் என்று நினைத்தாள். அதையும் போட்டுவிட்டாள்.

அன்று லேப்டாப் ஆறு மணி இருபது நிமிடம் ஓடியது. நோட்டில் அந்த எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தாள்.

“இது மேல போக மாட்டேங்குதே” என்றார் அப்பா, வெளிச்சத்தைக் கூட்டும் விசையை அழுத்தியபடி.

“போகாதுப்பா. நான் கட்டிப்போட்டிருக்கேன். விட்டா நீங்க நூறுக்கே போயிடுவீங்க.”

அப்பா இன்னும் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு, “சரி” என்றார்.

இன்னொரு சின்னக் கோளாறும் அவள் பார்வையில் பட்டது. எப்போது எட்டிப் பார்த்தாலும் பக்கம் தாறுமாறாகப் பெரிதாகிக் கிடந்தது. திரை முழுக்க மூன்றே வார்த்தைகள், ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் அளவு. கைபட்டு இப்படி ஆகிறது போல என்று முழுப் பக்கமும் தெரியும்படி சுருக்கி, விரலால் பெரிதாக்கும் வசதியையும் நிறுத்திவைத்தாள். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நன்றி சொல்வாரோ என்று பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

அந்த வாரம் அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சொல்லப்போனால் அப்பாவும் அம்மாவும்தான் இருக்க விடவில்லை. “மருந்துக் கடைக்குப் போயிட்டு வாயேன்” என்பார் அப்பா. வந்தால், “காய் வாங்கணுமே” என்பாள் அம்மா. அது முடிந்தால், முன்பு படித்த சிநேகிதி யாரையாவது போய்ப் பார்க்கச் சொல்வார்கள்.

“நான் வந்ததுல இருந்து என்னைத் துரத்திக்கிட்டே இருக்கீங்க. என்ன, தேனிலவா?”

“வாயைப் பாரு” என்றாள் அம்மா. ஆனால் சிரிக்கவில்லை.

புதன்கிழமை காய்ப் பையோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கும்போது அம்மாவின் குரல் கேட்டது. பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பதுபோல ஒரே சீராக.

“வேர் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுகிறது முற்றுப்புள்ளி. தண்டு கமா அந்த நீரை கமா…”

“ரெண்டு கமாவா?” இது அப்பா.

“ரெண்டுதான்.”

“முதல் கமாவை எடு.”

கதவைத் திறந்ததும் சத்தம் நின்றது. இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். லேப்டாப் அம்மாவின் மடியில் இருந்தது. கட்டுப்போட்ட கை அதன்மேல் ஒரு கட்டை மாதிரி கிடந்தது.

“கை இப்படி இருக்கா, பொழுது போகலை. சும்மா வாசிச்சுப் பார்த்தேன்” என்றாள் அம்மா.

மகளுக்குச் சிரிப்பு வந்தது. பழைய நாளில் அச்சகத்தில் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் தாளைப் பார்த்துக்கொண்டே வருவார் என்று அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். வயதான காலத்தில் இப்படி ஒரு விளையாட்டா என்று நினைத்தாள். அழகாகத்தான் இருந்தது. தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சமையலறைக்குப் போய்விட்டாள். அம்மாவும் பின்னாலேயே எழுந்து வந்துவிட்டாள். அப்பா லேப்டாப்போடு தனியாக உட்கார்ந்திருந்தார், சாப்பிடக் கூப்பிடும் வரை. மாலையில் முதல் எண்பத்தெட்டு பக்கங்களை அனுப்பிவிட்டதாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை மென்பொருள் தானாகவே ஓர் அறிக்கை காட்டியது. இந்த வாரம் இவ்வளவு மின்சாரம் மிச்சம் என்று ஒரு பச்சை இலைப் படம். அதற்குக் கீழே ஒரு வரி: பார்வை விலகியதால் திரை அணைந்தது, இருநூற்றுப் பதினான்கு முறை.

மகள் அதை இரண்டு தடவை படித்தாள்.

“அப்பா! மூணு நாள்ல இருநூத்திப் பதினாலு தடவை திரும்பி யாரைப் பார்த்தீங்க?”

“என்ன அது?”

“நீங்க திரையைப் பார்க்காம வேற எங்கயோ பார்த்த கணக்கு. மெஷின் எழுதி வெச்சிருக்கு. எதிர் மாடியில அப்படி யாரு இருக்காங்க?”

“துணி காயப்போட வருவாளே ஒருத்தி” என்று அம்மா அவசரமாக எடுத்துக்கொடுத்தாள். “அவளைத்தான். வேற என்ன வேலை உங்கப்பாவுக்கு?”

அப்பாவின் முகம் மாறிவிட்டது. “படிக்கிறவன் படிக்கிறானா இல்லையான்னு உளவு பார்க்க ஒரு மெஷினா? இதுக்குத்தான் வாங்கிக் குடுத்தியா?”

“சும்மா விளையாட்டுக்குத்தான்பா…”

“முப்பத்தொரு வருஷமா என்னை யாரும் கணக்கெடுத்தது இல்லை.”

லேப்டாப்பை மூடினார். மூடிய சத்தம் கொஞ்சம் பலமாகவே இருந்தது. பிறகு அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபப்பட்ட அப்பாவைச் சமாளிக்க மகளுக்கு வழி தெரியும். இது அந்தக் கோபம் இல்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்றால் எதற்கு என்று புரிய வேண்டுமே.

பதினொரு மணிக்கு மேலாளர் போன் செய்தார். அப்பா எப்போதும்போல ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசினார்.

“சார், சௌக்கியமா? ஒரு சின்ன விஷயம். சின்னதுன்னு சொல்லக் கூடாது. அறுபத்திமூணாம் பக்கம் பார்த்தீங்களா?”

“பார்த்தேனே.”

“செடிப் படம் ஒண்ணு இருக்குமே சார்.”

அப்பா மூடிக் கிடந்த லேப்டாப்பின் மேல் விரலை ஓட்டினார்.

“தலைகீழா நிக்குது சார். வேர் ஆகாயத்துல இருக்கு. பூ மண்ணுக்குள்ள இருக்கு. நீங்க கீழ சரின்னு குறிச்சு அனுப்பியிருக்கீங்க.”

“ஓ.”

“ஒரு எழுத்து விட்டுப்போச்சுன்னா நானே திருத்திட்டு வாயை மூடிக்கிட்டு இருப்பேன். இது அரைப் பக்கப் படம் சார். எங்க ஆபீஸ்ல தண்ணி ஊத்த வர்ற அம்மா பார்த்துட்டுச் சிரிக்கிறாங்க. உங்க கண்ணுல இருந்து இது எப்படித் தப்பிச்சுது?”

மகளால் பொறுக்க முடியவில்லை. போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். “சார், நான் அவர் பொண்ணு பேசறேன். தப்பு என்னோடது. பேட்டரி நிக்கணும்னு நான்தான் வெளிச்சத்தைக் குறைச்சு வெச்சேன். திரை வேற அடிக்கடி அணைஞ்சு அணைஞ்சு…”

“மங்கலா இருந்தா மட்டும் தலைகீழா இருக்கிறது நேராயிடுமாம்மா?” மேலாளர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. “சார், இது மூணாவது புத்தகம். மேல இருக்கிறவங்ககிட்ட நான் உங்களுக்காக எத்தனை தடவைதான் பேசறது? நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இருக்கு. மொத்தத்தையும் மறுபடி பார்த்து அனுப்பிடுங்க. அதுலயும் இப்படி ஒண்ணு இருந்தா, என் கையில இல்லை சார்.”

மேலாளர் போனை வைத்துவிட்டார்.

“அப்பா, கவலைப்படாதீங்க. இருபத்துநாலு மணி நேரம் முழுசா இருக்கு.” மகள் லேப்டாப்பை அவர் கையிலிருந்து வாங்கினாள். மென்பொருளைத் திறந்தாள், அதிசேமிப்பை எடுத்தாள். பேட்டரி குறைவு, சார்ஜில் போட்டால்தான் வெளிச்சம் கூட்டலாம் என்றது. அலமாரி மூலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிப் பிளக்கில் சொருகினாள். முழுவேகம். வெளிச்சம் நூறு. விசிறி இரைய ஆரம்பித்தது. முகத்தைக் கவனிக்கும் வசதியை மட்டும் அவள் தொடவில்லை. படிக்கிற மனிதரை அது என்ன செய்யப் போகிறது?

“வாங்கப்பா. இங்க உட்காருங்க. ஜன்னல் வேண்டாம். நான் பக்கத்துலயே இருக்கேன். ரெண்டு பேரும் படத்தை மட்டும் முதல்ல பார்த்துடலாம்.”

“நீ போய் உன் வேலையைப் பாரும்மா. நானும் அம்மாவும் பார்த்துக்கறோம்.”

“அம்மா என்ன பண்ணுவாங்க? நான் அறிவியல் படிச்சவதானே.”

“அவருதான் சொல்றாருல்ல” என்றாள் அம்மா. குரல் பிசிறியது. “தப்பு என்னோடதுடி. எழுத்தைத்தான் நான் வாசிச்சேன். படம் இருக்குன்னு சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லை.”

“அவருக்கு நீ எதுக்கும்மா சொல்லணும்? அவர் எதிர்லதானே இருக்கு?”

அம்மா மாவுக்கட்டின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலை இடது கையால் இழுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவையும் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. இத்தனை வருடத்தில் அந்த அறையில் அம்மா இப்படி நின்று அவள் கண்டதில்லை.

அப்பா வந்து உட்கார்ந்தார். மகள் அறுபத்துமூன்றாம் பக்கத்தைத் திறந்தாள். முழு வெளிச்சத்தில் பக்கம் பளீரென்று எழுந்தது. நட்டநடுவில் அந்தச் செடி, வேர்களை மேலே விரித்துக்கொண்டு, பூவைத் தரைக்குள் புதைத்துக்கொண்டு.

“தெரியுதாப்பா?”

“ம்.”

“வேர்ப் பக்கத்துல அம்புக்குறி போட்டு எழுத்து இருக்கு பாருங்க. அதுவும் தலைகீழா இருக்கா, நேரா இருக்கா? அதைப் பார்த்துட்டா படம் மட்டும் திரும்பிச்சா, மொத்தமும் திரும்பிச்சான்னு சொல்லிடலாம்.”

அப்பா திரையைப் பார்த்தார். பிறகு தலையை மெல்ல வலப் பக்கம் திருப்பினார், ஜன்னலில் யாரோ கூப்பிட்டதுபோல. முகம் சுவரைப் பார்த்து நின்றது. கண்கள் மட்டும் ஓரமாக, சிரமப்பட்டு, திரையை நோக்கி வந்தன. உதடுகள் அசைந்தன. ஓர் எழுத்து, இன்னோர் எழுத்து.

திரை அணைந்தது.

மகள் விசையைத் தட்டினாள். செடி மறுபடி வந்தது. “திரும்பாதீங்கப்பா.”

“இல்லை, இல்லை.” நேராக உட்கார்ந்தார். நன்றாகப் படிக்கும் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐந்து விநாடி போயிருக்கும். தலை தானாக வலப் பக்கம் சாய்ந்தது.

திரை அணைந்தது.

“விடுடி” என்றாள் அம்மா.

“இரும்மா.” மறுபடி தட்டினாள். மறுபடி அதேதான். அணைவதற்கு முன்னால் உள்ள அந்தப் பத்து விநாடியில் அப்பா அவசரம் அவசரமாக ஓரக்கண்ணால் தேடுவதை அவள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடிக்கு உள்ளே அந்தக் கண்கள் செடியின் மேல் இல்லை, செடிக்கு வெளியே எங்கேயோ நின்று செடியைத் துழாவின. கன்னத்தில் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு விசையை மாற்றினால் சரியாகிவிடும் என்பதுபோல அவள் கை மென்பொருளைத் திறந்து திறந்து மூடியது. நான்கு நிலைகளையும் ஒரு சுற்றுப் போட்டு வந்தாள். எதிலும் ஒன்றும் இல்லை.

“நேரா பாருங்கப்பா” என்றாள். கெஞ்சுவதுபோல வந்தது குரல். “நீங்க திரும்பினா நீங்க பார்க்கலைன்னு நினைச்சு அது அணைஞ்சுடுது. கொஞ்ச நேரம்தான். நேரா மட்டும் பாருங்க, போதும்.”

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். அம்மா இருக்கும் பக்கம் ஒரு தடவை முகத்தைத் திருப்பினார். அம்மா நூலை இழுப்பதை நிறுத்தியிருந்தாள். பிறகு அவர் மகளைப் பார்த்து, அதாவது மகளின் காதுக்கு அந்தப்பக்கம் ஏதோ ஓரிடத்தைப் பார்த்துச் சொன்னார்.

“நேரா பார்த்தா எனக்கு எதுவுமே தெரியலைம்மா.”